பசை காயும் நேரம்

"அதுல கை வைக்காத மெர்வ்!"

கிளெனிஸ் போட்ட சத்தத்தில் மெர்வ் பலகைகளை இறுக்கியிருந்த கிளாம்பின் பிடியிலிருந்து வெடுக்கென்று கையை எடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர், நாற்பது வருஷப் பழக்கம். இந்த அம்மாள் இப்படிக் கத்தி அவர் கேட்டதே இல்லை. அவள் கணவர் ராய்ஸை அடக்கம் செய்துவிட்டு வந்து இன்னும் ஒரு மணி நேரம் ஆகவில்லை. கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல், கொல்லைப்புற ஷெட்டின் வாசலில் அவள் மூச்சு வாங்க நின்றாள்.

"இல்ல கிளெனிஸ், உள்ள சாப்பாடு வைக்க இடமில்ல. தெருவே ஆளுக்கொரு தட்டைத் தூக்கிட்டு வந்திருக்கு. முட்டை சாண்ட்விச்சையெல்லாம் துணி துவைக்கிற மெஷின் மேல அடுக்கிட்டிருக்காங்க. இந்தப் பலகையை ரெண்டு ஸ்டாண்டு மேல போட்டா மேஜையாச்சேன்னுதான்..."

"வேணாம்னா வேணாம்."

"பசை தடவி ஆறு நாளாச்சு. காய ஒரு நாளே தாராளம். ராய்ஸ் இருந்தா மறுநாள் காலைல காபிக்கு முன்னாடி கழட்டியிருப்பான்."

"ராய்ஸ் இல்லல்ல? போ மெர்வ்."

மெர்வ் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். கிளெனிஸ் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

வேலை மேடையின் மேல் அது அப்படியே இருந்தது. பக்கம் பக்கமாக ஒட்டிய ஐந்து பிளாக்வுட் மரப் பலகைகள். மேலே மூன்று, கீழே மூன்று என்று ஆறு நீளக் கிளாம்புகள் அவற்றை நெருக்கிப் பிடித்திருந்தன. இணைப்புகளில் பிதுங்கிய பசை மஞ்சள் மணிகளாகக் காய்ந்திருந்தது. தரையில் இழைப்புச் சுருள்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் மண்டியிட்ட இடத்தில் மட்டும் நசுங்கிக் கிடந்தன.

ராய்ஸ் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாளே ஷெட்டுக்குள் போனவர், சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வருவார். ஹ்யூவான்வில் ஊரின் அந்தத் தெருவில் ராய்ஸ் செய்த காய் நறுக்கும் பலகை இல்லாத வீடு கிடையாது. சொந்த வீட்டுச் சமையலறையில் மட்டும் மேஜை பதினோரு வருஷமாக ஆடிக்கொண்டிருந்தது. "ஊருக்கெல்லாம் ஸ்டூல் செஞ்சு குடுக்கிற மகராசன் வீட்ல நான் மேஜைக்காலுக்கு அட்டை மடிச்சு வைக்கணும்" என்று அவள் பதினோரு வருஷமும் விடாமல் சொல்லி வந்தாள். இந்தக் குளிர்காலம்தான் ராய்ஸ் போனால் போகிறதென்று புது மேஜைக்கு மரம் வாங்கினார்.

கதவு திறந்தது. மகள் நெரிடா. பிரிஸ்பேனிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் கண் வீங்கியேதான் இருந்தது.

"மெர்வ் என்னமோ சொல்றாரு. என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"எல்லாரும் நான் தேவாலயத்துல பேசினதைத்தான் சொல்லிட்டிருக்காங்க. நல்லா இருந்துச்சாம்."

நன்றாகத்தான் இருந்தது. 'அப்பாவுக்கு ஒரு நிமிஷம்கூட வலி இல்லை. பிடித்த இடத்தில், பிடித்த வேலையில் இருக்கும்போதே சட்டென்று போய்விட்டார்.' இந்த வரி வந்தபோது எல்லாரும் கைக்குட்டையை எடுத்தார்கள். முன்வரிசையில் கிளெனிஸ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் 'சட்டென்று' அவள் கொடுத்தது. ஆம்புலன்ஸ்காரனிடம் சொன்னாள், டாக்டரிடம் சொன்னாள், தொலைபேசியில் மகளிடமும் சொன்னாள். இன்று அதை மகள் நூறு பேருக்கு முன்னால் படித்துவிட்டாள். இதற்கு மேல் உண்மையை மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்கக் கிளெனிஸால் முடியவில்லை.

"சட்டுன்னு போகல, நெரிடா."

நெரிடா கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"அன்னைக்குக் காலைல பத்து மணிக்குக் கூப்பிட்டார். 'கிளென், வந்து இந்த முனையைப் பிடி'ன்னார். அஞ்சு பலகைக்கும் பசை தடவிட்டார். தடவிட்டா பத்து நிமிஷம்தான், உனக்குத் தெரியுமே, அதுக்குள்ள இறுக்கலைன்னா அவ்வளவும் வீண். மூணாவது கிளாம்ப் போட்டதும் நின்னுட்டார். மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துப்போச்சு. அந்தக் குளிர்ல வேர்த்துக் கொட்டுது. என்ன பண்ணுதுன்னேன். நெஞ்சுல ஏதோ அழுத்துதுன்னார். உட்காருன்னேன். 'பசை தடவியாச்சு கிளென், பிடியை விட்டுடாத, விட்டா அஞ்சும் அஞ்சு பக்கம் போயிடும்'னார்."

அவள் கோட்டின் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"நான் விடல. அவர் இன்னும் மூணு கிளாம்ப் போடற வரைக்கும் பிடிச்சிட்டே நின்னேன். ஒவ்வொண்ணா சுத்திவந்து இறுக்கினார். ஈரத்துணியால பசையைக்கூடத் துடைக்க ஆரம்பிச்சார். அப்புறம்தான் விழுந்தார். பத்து நிமிஷம் நெரிடா. போன் அதோ, அந்த ஜன்னல்லதான் இருந்துச்சு."

"அம்மா..."

"இரு, முழுசா சொல்லிடறேன். அவர் சொன்னாருங்கிறதுக்காக மட்டும் நான் பிடிச்சிட்டு நிக்கல. அந்த மேஜை கெட்டுப்போயிடக் கூடாதேன்னு எனக்கும் இருந்துச்சு."

வீட்டிலிருந்து யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. சாவு வீட்டுச் சிரிப்பு, உடனே அடங்கியது. நெரிடா அப்பாவின் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். மகள் எழுந்து போய்விடுவாள் என்றுதான் கிளெனிஸ் நினைத்தாள். போனால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தாள்.

"அன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு நான் அப்பாகிட்ட பேசினேன்" என்றாள் நெரிடா.

"யாரு, நீயா?"

"இடது கை தோள்லேருந்து வலிக்குதுன்னார். 'ரெண்டு நாளா இழைப்புளி தள்ளினேன்ல, அதான்'னார். நான் சிரிச்சேன்மா. 'வயசுக்கேத்த வேலையா பாருங்கப்பா, தைலம் தேய்ச்சுக்கோங்க'ன்னேன். ஆபீசுக்கு நேரமாச்சு எனக்கு. வைக்கறப்போ, 'அம்மாகிட்ட சொல்லிடாத, ஷெட்டைப் பூட்டிடுவா'ன்னார். சரின்னுட்டேன்."

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ போன்ல சட்டுன்னு போயிட்டார்னு சொன்னதும், அதையே பிடிச்சுக்கிட்டேன். வலியே இல்லன்னு எழுதினேன். எனக்குத் தெரியும்மா, வலிச்சுதுன்னு. அவரே சொன்னாரே."

'ஏன்டி என்கிட்ட சொல்லல, பூட்டியிருப்பேனே' என்பது கிளெனிஸின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மகளின் முகத்தைப் பார்த்தாள். 'ஏம்மா பிடியை விடல' என்பது அங்கே அப்படியே எழுதியிருந்தது. கிளெனிஸ் போய் மகளின் தலையைத் தன் கோட்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான், ஆறு நாளில் முதல் தடவையாக, இருவரும் வாய்விட்டு அழுதார்கள். ஷெட்டின் தகரம் அதிர அழுதார்கள்.

அழுது ஓய்ந்ததும் நெரிடா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள். "இதை ஏன் கழட்ட விட மாட்டேங்கிற?"

"கழட்டறப்போ பிரிஞ்சு விழுந்தா என்னால தாங்க முடியாது. பிரியாம நின்னாலும் தாங்க முடியாது."

நெரிடா எழுந்து முதல் கிளாம்பின் பிடியைத் திருப்பினாள். அசையவில்லை. ராய்ஸ் இறுக்கியது. கிளெனிஸ் தன் கையையும் அதன் மேல் வைத்தாள். இருவருமாக முக்கித் திருப்பியதும் அது கிறீச்சென்று இளகியது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. கீழே இருந்தவற்றை நெரிடா குனிந்து கழற்றினாள். ஆறாவது வந்ததும் கிளெனிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றும் விழவில்லை. ஐந்தும் ஒரே பலகையாக நின்றன. கிளெனிஸ் இணைப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். எங்கே சேர்கிறதென்று விரலுக்குத் தெரியவில்லை.

"பாவி மனுஷா," என்றாள். "நல்லாத்தான் ஒட்டியிருக்கே."

பலகை கனமான கனம். நெரிடா முன்னால் பின்நடையாகவும், கிளெனிஸ் மறுமுனையிலுமாகத் தூக்கினார்கள். வழியில் மெர்வ் ஓடிவந்து நடுவில் தோள் கொடுத்தார். முன்னறையில் இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் அதைக் கிடத்தினார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் சாண்ட்விச், இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி, தேங்காய்த் துருவல் போட்ட கேக் என்று பலகை நிறைந்துவிட்டது. ஆட்கள் சுற்றி நின்று சாப்பிட்டார்கள். ராய்ஸின் பஸ்ஸைத் தவறவிட்ட கதை ஒன்றை யாரோ ஆரம்பித்தார்கள்.

தேவாலயத்து ஐடா தளும்பத் தளும்பத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கோப்பையைத் தூக்கியதும் அடியில் பழுப்பாக ஒரு வட்டம்.

"அய்யய்யோ! இன்னும் எண்ணெயே பூசாத மரமா இது? ஊறிடுச்சே! இரு கிளெனிஸ், துணி கொண்டாறேன்."

மெர்வ் பதறிப்போய்க் கிளெனிஸின் முகத்தைப் பார்த்தார்.

"துணியெல்லாம் வேணாம், உட்காரு" என்றாள் கிளெனிஸ். தன் கோப்பையை எடுத்து, அந்த வட்டத்துக்குப் பக்கத்தில், வெறும் மரத்தின் மேல் வைத்தாள்.