புகைபோக்கிக்குள் யாரோ பேசினார்கள்

கதவைத் தட்டுகிறவன் எவனும் நல்லதுக்குத் தட்டுவதில்லை என்பது சிரில் ஹோல்ட்டின் முடிவு. எழுபத்தொன்பது வயசாகியும் அதை மாற்றிக்கொள்ள அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பர்ன்லியில், மேடேறிப் போகிற ஒரு தெருவில், சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய கல்வீட்டு வரிசையில் அவர் குடியிருந்தார். வாடகை வீடு. கல்யாணமான வருஷம் டக்வர்த் கிழவரிடம் பிடித்தது. பழைய சட்டப்படி வந்த குடித்தனம் என்பதால் வாடகையைக் கண்டபடி ஏற்ற முடியாது. சிரிலும் அவர் மனைவி எனிட்டும் உயிரோடு இருக்கும்வரை வெளியே தள்ளவும் முடியாது. பள்ளிக்கூடத்தில் எதுவும் ஏறாத மண்டையில் இந்தச் சட்டம் மட்டும் நன்றாக ஏறி உட்கார்ந்திருந்தது.

கிழவர் இருந்தவரை தொல்லை இல்லை. வருஷத்துக்கு ஒரு தரம் தன் கூட்டாளி ஒருத்தரை அனுப்புவார். அவர் முன்னறையில் குளிர்காய வைத்திருந்த கேஸ் கணப்பையும் சமையலறை பாய்லரையும் சோதித்துவிட்டு, டீ குடித்து, கால்பந்து பேசிவிட்டுப் போவார். வாடகைக்கு விட்டவன் வருஷா வருஷம் கேஸைச் சோதித்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருப்பது சிரிலுக்குத் தெரியாது. கிழவர் ஏதோ மரியாதைக்குச் செய்கிறார் என்று நினைத்திருந்தார்.

கிழவர் செத்தார். மகன் ஏட்ரியன் வந்தான். காரை விட்டு இறங்கியவன் மனுஷர் முகத்தைப் பார்க்கவில்லை, வீட்டுக் கூரையைப் பார்த்தான். மூலைக்கு மூலை ஃபோனில் படம் பிடித்தான்.

"இந்த வரிசையில இது ஒண்ணுதான் பழசாவே நிக்குது, மிஸ்டர் ஹோல்ட்."

"நானும் பழசுதான். என்னையும் இடிச்சுக் கட்டப் போறியா?"

சிரித்தான். அந்தச் சிரிப்பு சிரிலுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து வீடுகளை ஒவ்வொன்றாகக் காலி பண்ணவைத்து, வெள்ளையடித்து, மூணு மடங்கு வாடகைக்கு விட்டிருந்தான். மிச்சம் இருந்த முள் சிரில்தான். ஆகவே அந்தப் பையன் அனுப்புகிற எதையும் வாசலோடு திருப்பிவிடுவது என்று தீர்மானித்துவிட்டார்.

முதலில் கடிதம் வந்தது. கேஸ் சோதனைக்கு ஆள் வருவார், உள்ளே விடவும் என்று. சிரில் அதை மடித்து, ஆடுகிற மேஜைக்காலுக்கு அண்டைகொடுத்தார். அப்புறம் ஆள் வந்தான். பெயர் ஜாவித், உள்ளூர்க்காரன், பேச்சும் சிரில் பேசுகிற அதே பேச்சு.

"கேஸ் பாக்க வந்திருக்கேன், பெரியவரே. அரை மணி நேர வேலை."

"யார் அனுப்பினது?"

"வீட்டுக்காரர்தான். உங்க நல்லதுக்கு."

"என் நல்லதுக்கு வந்தவன் எல்லாம் என் பாக்கெட்டைத்தான் பாத்திருக்கான். குத்தம் கண்டுபிடிச்சு என்னைக் கிளப்ப வேற வழி தேடச் சொல்லு அவனை."

அடுத்த வருஷமும் ஜாவித் வந்தான். இந்தத் தடவை சிரில் கதவையே திறக்கவில்லை. கடிதம் போடுகிற துவாரத்தில் வாயை வைத்துப் பேசினார். வெளியே அவனும் குனிந்து அதே துவாரத்தில் பேசினான்.

"உள்ள கணப்பு எரியுதா, பெரியவரே?"

"என் மூளை எரியுது. போடா."

கதவை உடைத்து உள்ளே வர வீட்டுக்காரனுக்கு அதிகாரம் கிடையாது. ஜெயித்துவிட்டதாக சிரில் கிளப்பில் சொல்லி, அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு பியர் குடித்தார்.

இந்த இரண்டு வருகைக்கும் நடுவே வந்த வசந்தத்தில்தான் எனிட் அதைச் சொன்னாள்.

"சிரில், புகைபோக்கிக்குள்ள யாரோ பேசுறாங்க."

"யாரு, போப்பாண்டவரா?"

"விளையாடாத. சக் சக்குனு பேச்சு. சுள்ளி விழுற சத்தமும் கேக்குது. பறவையா இருக்கும்."

சிரில் ஒரு தரம் காதை வைத்துப் பார்த்தார். டிவியில் குதிரைப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது, வேறொன்றும் கேட்கவில்லை. வயசாகுது உனக்கு என்றார்.

குளிர் தொடங்கியதும் எனிட் கேட்டதையே திரும்பக் கேட்க ஆரம்பித்தாள். தண்ணி ஊற்றாமல் கெட்டிலை வைத்தாள். தலை வலிக்கிறது என்றாள், வாந்தி எடுத்தாள், நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். டாக்டர் வயசு என்றார். எப்போது தொடங்கியது என்று கேட்டதற்கு சிரில்தான் பதில் சொன்னார்: "சுவருக்குள்ள யாரோ பேசுறாங்கன்னு சொன்னா. அதுலதான் ஆரம்பம்." டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு மறதி நோய் என்றார்.

சிரில் பகலில் வீடு தங்குகிறவர் இல்லை. நகரசபை கொடுத்த தோட்டத் துண்டில் லீக் வெங்காயம் போட்டிருந்தார். மத்தியானம் தோட்டம், சாயங்காலம் கிளப்பில் டொமினோ. மழை கொட்டி வீட்டோடு கிடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கும் மண்டை பிளக்கும். பியர்மேல் பழி போடுவார். எனிட்டுக்குப் போக்கிடம் கிடையாது. நாள் முழுக்கக் கணப்புப் பக்கத்தில்தான். அவள் நடுங்குவதைப் பார்த்து சிரில் கணப்பை இன்னும் கூட்டிவைத்தார். குளிர்காற்று வருகிறதே என்று கதவடியில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்தார். எல்லாம் அக்கறையில் செய்ததுதான். அதில் பொய் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு லீட்ஸில் மகள் ஜனைன் வீட்டுக்குப் போனார்கள். இரண்டாம் நாளே எனிட் சீட்டாட்டத்தில் மருமகனைத் தோற்கடித்துச் சிரித்தாள். வீடு திரும்பிய வாரத்திலேயே பழையபடி ஆனாள்.

"மக வீட்டுல அப்படி ஆடுற. இங்க வந்தா மட்டும் என்ன நடிப்பா?" என்றார் சிரில்.

எனிட் அவரை வெகுநேரம் பார்த்துவிட்டு, டீ போடட்டுமா, யார் வந்திருப்பது என்று கேட்டாள்.

அடுத்த குளிர் தொடங்கியபோது ஜனைன் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துவிட்டாள்.

"உங்களால முடியாதுப்பா. மாசக் கடைசில கூட்டிட்டுப் போறேன்."

"அவளை என்கிட்டருந்து பிரிக்காத."

"நீங்க யாருன்னே அவங்களுக்குத் தெரியல."

"அவ யாருன்னு எனக்குத் தெரியுதுல்ல. அது போதும்."

சிரில் யாரிடமாவது கெஞ்சிக் கேட்ட ஒரே விஷயம் அதுதான். ஜனைன் மசியவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் தோட்டத்திலிருந்து திரும்புகையில் வாசலில் வேன் நின்றது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஜாவித் கணப்புக்கு முன்னால் முழங்காலிட்டிருந்தான். எனிட் கோட்டைப் போட்டுக்கொண்டு பிஸ்கட் தட்டை அவனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ராய் வந்திருக்கான், சிரில்," என்றாள். ராய் அவள் தம்பி. செத்து வெகுகாலம் ஆகிறது.

"உன்னை யாருடா உள்ள விட்டது?"

"உங்க வீட்டம்மா."

"அவளுக்குப் புத்தி சரியில்ல."

"கதவு திறக்கத் தெரிஞ்சிருக்கே, பெரியவரே. புத்தி சரியா இருக்கிறவங்களுக்கு ரெண்டு வருஷமாத் தெரியல."

சிரில் கையிலிருந்த லீக் கட்டை வீசாமல் வைத்துக்கொண்டதே பெரிசு. ஜாவித் ஒரு சின்னப் புகைவில்லையைக் கொளுத்திக் கணப்பின் பின்னால் வைத்தான். மேலே போகவேண்டிய புகை அறைக்குள்ளேயே திரும்பி வந்து சாவகாசமாகப் பரவியது. அவன் முகம் மாறியது. திருகுகளைக் கழற்றிக் கணப்பைச் சுவரிலிருந்து இழுத்தான். பின்னாலிருந்து சரசரவென்று கொட்டியது. சுள்ளி, ஆட்டு ரோமம், வைக்கோல் கட்டுகிற நீலக் கயிறு, முட்டை ஓடு, காய்ந்துபோன ஒரு குஞ்சு.

"சாம்பல் கழுத்துச் சின்னக் காக்கா, புகைபோக்கியிலதான் கூடு வைக்கும். ரெண்டு வருஷமா மேல மேல கட்டியிருக்கு. முழுசா அடைச்சிருச்சு."

"பேசினது இதுங்கதானா?" என்றாள் எனிட், அந்தக் குஞ்சைப் பார்த்து.

"வீட்டுல யாருக்காச்சும் தலைவலி, மறதி இருக்கா?"

"அவளுக்கு மறதி நோய். டாக்டரே சொல்லியிருக்கார்."

ஜாவித்தின் கண் கதவடித் துண்டில் போய் நின்றது. எழுந்து ஜன்னல்களைத் திறந்தான், கேஸை அடைத்தான், கணப்பில் 'ஆபத்து, பற்றவைக்காதே' என்ற சிவப்புச் சீட்டை ஒட்டினான். இருவரையும் தெருவுக்குக் கூட்டிவந்து ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டான்.

எரிகிற கேஸின் கழிவு வெளியே போகாமல் வீட்டுக்குள் தங்கினால் அது விஷம், வாசனை கிடையாது, கொஞ்சம் கொஞ்சமாக மூளையைத் தின்னும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனிட்டின் ரத்தத்தில் அது இருந்தது. ஜனைன் அம்மாவைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். சிலருக்குத் தேறாது, பார்ப்போம் என்றார்கள் டாக்டர்கள். எனிட் தேறினாள். முதலில் பேரப்பிள்ளைகளின் பெயர் வந்தது, அப்புறம் கிழமை, அப்புறம் ராய் செத்துப்போனது.

"அம்மா குறுக்கெழுத்து போடுறாங்கப்பா," என்று ஜனைன் ஃபோனில் அழுதாள். "இல்லத்துல வேண்டாம்னு சொல்லிட்டேன்."

ஃபோனை வைத்துவிட்டு சிரிலும் சமையலறையில் நின்று அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்தது. டக்வர்த் மகன் என் பொண்டாட்டிக்கு விஷம் வைத்தான் என்று கிளப்பில் கத்தினார். கோர்ட்டுக்கு இழுப்பேன் என்றார்.

"வருஷா வருஷம் சோதிக்கணுமே, ஆள் வரலையாப்பா?" என்று ஜனைன் கேட்டாள்.

"கிழவர் செத்ததுலருந்து எவனும் வரல. இந்தத் தடவைதான்."

நாக்கிலிருந்து தானாக வந்து விழுந்தது. விழுந்தபிறகு எடுக்க முடியவில்லை. ஜனைன் வக்கீலிடம் போனாள். எனிட்டிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

டிசம்பரில் எனிட் ஜனைனோடு வீடு வந்தாள். புகைபோக்கியைச் சுத்தம் செய்து, மேலே கம்பிவலை போட்டு, புதுக் கணப்பு வைத்திருந்தார்கள். அவள் வாசலில் நின்று வீட்டை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள். சிரில் டீ போட்டார். நெடுநாளைக்கு அப்புறம் இருவரும் சண்டை போட்டார்கள், சர்க்கரை எவ்வளவு என்று. சிரிலுக்கு அதைவிடச் சந்தோஷம் எதுவும் இல்லை.

அந்த டீ ஆறுவதற்குள் ஏட்ரியன் டக்வர்த் வந்தான். கையில் பூங்கொத்து.

"உங்களுக்கு நேர்ந்தது பயங்கரம், மிஸஸ் ஹோல்ட். ரொம்ப வருத்தப்படுறேன்."

"வக்கீல் நோட்டீஸ் போனதும் வருத்தம் வந்துருச்சாக்கும்," என்றாள் ஜனைன். "ரெண்டு வருஷமா ஒரு ஆளை அனுப்பத் தோணலையே."

ஏட்ரியன் சிரிலைப் பார்த்தான். அவசரப்படவில்லை. பூங்கொத்தை மேஜைமேல் வைத்தான்.

"கடிதம் போட்டேன். ரெண்டு வருஷமும் ஆள் அனுப்பினேன். மிஸ்டர் ஹோல்ட் வாசல்லயே விரட்டிட்டார். அனுப்பினதுக்கெல்லாம் அத்தாட்சி இருக்கு. இதுக்கு மேல சட்டம் என்னைக் கேக்காது."

"பொய்," என்றார் சிரில்.

அவன் பொய் சொல்லியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். அந்தப் பையன் பேராசைக்காரன், நரி, வீட்டைப் பிடுங்கத்தான் அலைந்தான். அதெல்லாம் சிரில் நினைத்தபடியே. ஆனால் அன்றைக்கு அவன் சொன்னது அத்தனையும் உண்மை. போகிறபோது இன்னொன்றும் சொன்னான். ஒருவேளை மகள் பக்கத்தில் போய் இருக்க ஆசைப்பட்டால் வீட்டைக் காலி பண்ண ஒரு நல்ல தொகை தருவானாம்.

கார் போகிற சத்தம் கேட்டது. எனிட் புதுக் கணப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடிதத் துவாரத்துல பேசினது நீதானா?" என்றாள். "கனவுன்னு நெனச்சிருந்தேன். என் மூளை எரியுதுன்னு கத்தினியே."

சிரில் டீக் கோப்பையை நகர்த்தி வைத்தார்.

"எரிஞ்சது என் மூளை, சிரில்."

"அவன் நம்மளைக் கிளப்பப் பாத்தான், எனிட். இப்பக்கூடக் காசு நீட்டிட்டுப் போறான். நான் சொன்னது சரிதானே?"

"சரிதான். பறவைன்னு நான் சொன்னதும் சரிதான். நீ அதை டாக்டர்கிட்டப் போய்ப் பைத்தியம்னு சொன்ன."

"தெரியாமச் சொல்லிட்டேன்."

"நடிக்கிறியான்னு கேட்டியே, அதுவும் தெரியாமத்தானா?"

அது அவளுக்கு ஞாபகம் இருக்கும் என்று சிரில் நினைக்கவே இல்லை. ஜனைன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எனிட் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எவனோ உன்னைக் கிளப்பிடுவான்னு பயந்தியே. யாரும் கிளப்ப வேண்டாம். நானே கிளம்புறேன்."

கோட்டை அவள் இன்னும் கழற்றியிருக்கவில்லை. கொண்டுவந்த பெட்டியும் நடைவழியில் கட்டு அவிழ்க்காமலே இருந்தது. கத்தவில்லை, அழவில்லை. வாசலில் ஒரு நொடி நின்று கதவைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. ஏட்ரியன் கொண்டுவந்த பூங்கொத்து மேஜையிலேயே கிடந்து காய்ந்தது. சிரில் அதைத் தூக்கிப்போட வெகுநாள் ஆயிற்று.

வக்கீல் வேலை அத்தோடு நின்றது. வீட்டை சிரில் விடவில்லை. விட்டால் அந்தப் பையன் ஜெயித்ததாகிவிடும்.

அடுத்த வருஷம் கடிதத்தில் போட்டிருந்த தேதியில் சிரில் காலையிலிருந்தே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வேன் நின்றதும், ஜாவித் தட்டுவதற்கு முன்னாலேயே கதவைத் திறந்தார்.

"அடடே. இந்தத் தடவை துவாரத்துல பேச வேண்டியதில்லபோல."

"உள்ள வா. எதை வேணும்னாலும் பாரு."

ஜாவித் கணப்பைச் சோதித்தான். புகை ஒழுங்காக மேலே போயிற்று. அலமாரிமேல் அவன் போன வருஷம் வைத்த விஷவாயு எச்சரிக்கைப் பெட்டியின் பொத்தானை அழுத்தினான், அது கீச்சிட்டது. அறையைச் சுற்றிப் பார்த்தான். ஒரு நாற்காலிதான் கணப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கு. வீட்டம்மா எங்க?"

"மக வீட்டுல."

"தேறிட்டாங்களா? இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா," என்றார் சிரில். "எல்லாம் ஞாபகம் இருக்கு அவளுக்கு."