இரண்டு லோடு

ஆக்ஸிஜன் சிலிண்டரை வேனில் ஏற்றிவிட்டு மாமனாரைத் தூக்க உள்ளே வந்தபோதுதான் மருமகளுக்குப் பயம் வந்தது. அதுவரை வேலை இருந்தது. போர்வையை மடித்தாள், குழாயைச் சுருட்டினாள், மாத்திரையைப் பொட்டலம் கட்டினாள். வேலை இருக்கும்வரை பயம் வாசலில் நிற்கும். கை காலியானதும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"என்னம்மா பார்க்கறே? மூட்டைதானே. இடுப்பைக் கொடுக்காதே. தோளைக் கொடு," என்றார் மாமனார். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கியது.

வாலிபம் முழுக்கச் சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கியவர். சிமெண்ட்டும் மாவும் சுண்ணாம்பும் நெஞ்சுக்குள்ளேயே குடிவந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, மூக்கில் மாட்டிய குழாய்தான் அவரைப் பிடித்து வைத்திருந்தது. வேலைக்குப் போகும்போது புருஷன் தினமும் இரண்டே பேச்சுதான் சொல்லுவான். "கட்டிலை விட்டு இறக்காதே. காத்தை நிறுத்தாதே." மில்லுக்குள் நுழைந்தால் போனைப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். ஷிப்ட் முடியும்வரை அவனுக்கு எதுவும் தெரியாது. நாத்தனார் சாயங்காலம்தான் வருவாள். இடையில் ஏதாவது ஆகிவிட்டால் யார் தலையில் விழும் என்பது அவளுக்குத் தெரியும். 'பெத்த பிள்ளைங்க இல்லாத நேரம் பார்த்து, வந்தவ கொன்னுட்டா.' நாத்தனாரின் குரலிலேயே அது காதில் கேட்டது.

ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு நாளாகத் தண்ணீர்கூட இறங்காத மனிதர், காலையில் கூட்டாளிகள் அனுப்பிய செய்தியைப் பார்த்ததும் அரை டம்ளர் பால் கேட்டுக் குடித்தார். சவரம் செய்துவிடச் சொன்னார். செய்தி இதுதான்: பெரிய பாதையில் மின்கம்பி அறுந்துவிட்டது. மின்சார இஞ்சின் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கிறது. கல் லோடை இழுக்க, ஷெட்டில் கிடந்த பீடிக்காரனை எழுப்பிவிட்டார்கள். மத்தியானம் மேடு ஏறுவான்.

பீடிக்காரன் என்பது ஒரு பழைய டீசல் இஞ்சின். கறுப்பாகப் புகைவிட்டு இருமிக்கொண்டே வரும் என்பதால் அந்தப் பேர். மாமனாரும் அவர் கூட்டாளிகளும் ரயில் பார்க்கிறவர்கள். இவர்கள் பார்ப்பது பயணிகள் வண்டியை அல்ல. அது போனால் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள். பின்னால் பாரம் இருக்க வேண்டும், முன்னால் மேடு இருக்க வேண்டும், பழைய இஞ்சின் முக்கி முனகிக்கொண்டு அதை ஏற வேண்டும்.

"வேகமாப் போறதுக்கு நாய்கூடப் போகும். சுமையோட மேடு ஏறணும். அதான் வண்டி," என்பார் மாமனார்.

வேனை ஓட்டியது கூட்டாளிகளில் ஒருவரான ஜெராக்ஸ். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் அவருக்கும் அதுவே பேர். காகிதக் கட்டுகளை இறக்கி இடம் பண்ணியிருந்தார். குழியில் வண்டி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் மருமகள் குழாயைப் பார்த்தாள், பிறகு முள்ளைப் பார்த்தாள். சிலிண்டர் தலையில் ஒரு வட்டக் கண்ணாடி. அதற்குள் ஒரு முள், பக்கத்தில் காற்றைத் திறந்து அடைக்கும் திருகு. முள் சிவப்புக்குள் போனால் காற்று தீர்ந்தது என்று அர்த்தம்.

"பயப்படாதே தங்கச்சி. முள் பச்சையிலதானே நிக்குது," என்றார் ஜெராக்ஸ்.

"நீங்க ரோட்டைப் பாருங்கண்ணே."

மேட்டின் வளைவில், பழைய இரும்புக் கிடங்கின் பின்புறம், இன்னொரு கூட்டாளியான பல் டாக்டர் முன்னமே வந்து, இஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்ய மைக்கை நட்டு வைத்திருந்தார். காற்று இரையாமல் இருக்க அதற்கு ஒரு ரோம உறை. ஒரு கம்பின் மேல் பூனைக்குட்டியைக் குந்த வைத்ததுபோல் இருந்தது. சரிவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு மாமனாரை உட்கார வைத்தார்கள்.

"அண்ணே, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க," என்றார் டாக்டர்.

"பொண்ணு எங்கே? இன்னும் மேடு ஏறலையா?"

போன் அடித்தது. நாத்தனார். மருமகள் நாலடி தள்ளிப் போய் எடுத்தாள்.

"அப்பா என்ன பண்றாரு?"

"தூங்கறாரு அண்ணி."

"என்னது, காத்து இரைச்சலா இருக்கு?"

"ஃபேனு அண்ணி."

"ஃபேனைக் குறைச்சு வை. அவருக்குச் சேராது." வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது டாக்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முகம் சுளித்துக்கொண்டிருந்தார். சுற்றிப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்ததும் கூச்சப்பட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார்.

மாமனாருக்குப் புரிந்துவிட்டது. "என்னோட காத்து உஸ்ஸுதானே மைக்ல விழுது?"

"பரவாயில்லண்ணே. மைக்கைத் தள்ளி வைக்கறேன்."

"தள்ளி வச்சா வளைவுல ஏறுற சத்தம் போச்சு." அவர் மருமகளைப் பார்த்தார். "கொஞ்ச நேரம் அடைச்சிடும்மா. ஒரு வண்டி போற நேரம். நான் மூச்சுப் பிடிச்சுக்கறேன்."

"மாமா! என்ன பேச்சு இது?"

"மூட்டைக்குத் தோள் கொடுத்தேன்னா, பலகை ஏறி மேல போடற வரைக்கும் மூச்சு விட மாட்டேன் நான். கேட்டுப் பாரு."

"அதெல்லாம் அந்தக் காலம்."

"நெஞ்சு அதே நெஞ்சுதானே?"

கூட்டாளிகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அடைக்க மாட்டேன். இன்னொரு தடவை சொன்னீங்கன்னா இப்பவே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன்," என்றாள். அவர் அடங்கிவிட்டார். பக்கத்தில் நின்ற சிலிண்டரின் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, பாதை வளைந்து வரும் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தூரத்தில் ஒரு இருமல் கேட்டது. டாக்டர் கையை உயர்த்தினார். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

இனி யாரும் பேசக் கூடாது. அசையக் கூடாது. தும்மல் வந்தால் விழுங்க வேண்டும். கடைசிப் பெட்டி வளைவைத் தாண்டி, சத்தம் முழுக்க அடங்கும்வரை அப்படித்தான். அந்தச் சட்டத்தைப் போட்டவரே மாமனார்தான். ஒருமுறை போன் ஒலித்ததற்காக ஜெராக்ஸை ஒரு மழைக்காலம் முழுக்கத் தள்ளி வைத்தவர். அவளைத் தவிர மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஜெராக்ஸின் போன் மட்டும் சத்தமில்லாமல் துடித்தது. அவர் அரைக்கண்ணால் பார்த்தார். கண் விரிந்தது. டாக்டரின் தோளைத் தொட்டு, இரண்டு விரலைக் காட்டினார். டாக்டரின் முகம் முழுக்கச் சிரிப்பு. மாமனார் அதைப் பார்க்கவில்லை. மருமகள் பார்த்தாள், ஆனால் அவளுக்குப் புரியவில்லை.

முதலில் உள்ளங்காலில் நடுக்கம் ஏறியது. பிறகு வளைவில் புகை எழுந்தது. பிறகுதான் அது வந்தது. பெயிண்ட் உரிந்த முகம், தொண்டை கிழிகிற மாதிரி ஒரு கரகரப்பு. ஓடி வரவில்லை. ஒரு கிழவன் படி ஏறுவதுபோல் ஒவ்வொரு இழுப்பாக வந்தது. எதிரே வந்ததும் இன்னும் மெதுவாகி, நின்றுவிடுமோ என்னும்படி திணறியது. சக்கரம் வழுக்கிக் கீச்சிட்டது. மறுபடி பிடித்தது. ஜெராக்ஸின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. இந்த மனிதர்களுக்கு இது சொர்க்கம் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு மட்டும், சீக்கிரம் போய்த் தொலையேன் என்றிருந்தது.

சத்தத்தில் காற்று ஓடும் உஸ் கேட்கவில்லை. முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் பச்சையிலேயே நின்றது. ஒரு மயிரிழைகூட நகரவில்லை. அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

பெட்டிகள் வந்தன. கல் நிரம்பி, கல் நிரம்பி, இதோ முடிந்தது என்று நினைத்த இடத்தில் இன்னொன்று. மாமனாரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உதடு இறுகியிருந்தது. கூட்டாளிகளின் முகமும் அப்படித்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தளர்ந்தது. தலை லேசாகச் சாய்ந்தது. நல்லாக் கேட்கிறார் என்று நினைத்து, நழுவிய போர்வையை இழுத்துவிட்டாள். இன்னும் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன.

கடைசிப் பெட்டி போனது. சத்தம் வளைவுக்கு அப்பால் தேய்ந்தது. யாரும் அசையவில்லை. புல் உரசுவது கேட்டது. எங்கோ ஒரு குருவி கத்தியது. கேட்க வேண்டியது ஒன்று மட்டும் கேட்கவில்லை.

அவள் குனிந்தாள். அவர் கை சிலிண்டரின் திருகின் மேல் இருந்தது. திருகு இறுக அடைத்திருந்தது. முள் ஏன் நகரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் விரலை விலக்கித் திருகைத் திறந்தாள். உஸ் என்று காற்று வந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

டாக்டர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். ஓடி வந்து கழுத்தில் விரல் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"ரெண்டு லோடையும் ஒண்ணாக் கோர்த்துட்டாங்கன்னு செய்தி வந்துது," என்றார் ஜெராக்ஸ், யாரும் கேட்காமலே. "அண்ணனுக்குச் சொல்ல முடியல. மைக் ஓடிட்டு இருந்துது."

வீட்டில் கட்டிலில் கிடத்தியபோது வெயில் இறங்கியிருந்தது. ஆள்விட்டுக் கூப்பிட்டிருந்ததால் புருஷன் எண்ணெய்க் கையோடு வந்து, அப்பாவின் காலடியில் நின்றான். அழவில்லை. நாத்தனார் வந்தாள். அப்பா முகத்தைத் தடவினாள். பிறகு திரும்பினாள்.

"தூங்கறாருன்னு சொன்னே."

மருமகள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"யாரைக் கேட்டுடி கூட்டிட்டுப் போனே? ஃபேனாம்ல, ஃபேனு! காத்து ஓடிக்கிட்டு இருந்துதா, இல்ல அதையும் நிறுத்திட்டியா?"

"அக்கா," என்றான் புருஷன்.

"நீ சும்மா இரு. அவ சொல்லட்டும்."

சொன்னால் நம்பமாட்டார்கள். சொல்லாவிட்டால் ஆயுள் முழுக்க இந்த வீட்டில் தலை நிமிர முடியாது. "அடைச்சிருந்துது அண்ணி," என்றாள். "நான் அடைக்கல. நான் பார்க்கவும் இல்ல. பார்த்தப்புறம் திறந்தேன்."

"கூட இருந்தவ நீ. பார்க்கலைன்னா?"

வாசலில் நின்ற பல் டாக்டர் கனைத்தார். "ரெகார்டிங்ல எல்லாம் இருக்கும்மா. அண்ணன் சட்டப்படி நாங்க எதையும் வெட்ட மாட்டோம்." எதற்கு என்ன அர்த்தம் வருமோ என்ற பயம் அவருக்கும் இருந்தது.

ஹெட்போனின் ஒரு பக்கத்தைப் புருஷனும் மறுபக்கத்தை நாத்தனாரும் வைத்துக்கொண்டார்கள். மருமகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் முகத்தைத்தான் பார்த்தாள். ஓடிப்போய்விடலாமா என்று கால் பரபரத்தது.

ஆரம்பித்த உடனே நாத்தனார் கையை உயர்த்தினாள். "திரும்பப் போடுங்க." டாக்டர் போட்டார். "இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பாதான்டா," என்றாள் தம்பியிடம். "உஸ் நிக்கறதுக்கு முன்னாடி, கேட்டியா? மூட்டைக்குக் கீழ குனிஞ்சு ஒரு இழுப்பு இழுப்பாரே. சோறு எடுத்துட்டுப் போறப்பல்லாம் கொட்டகை வாசல்லயே கேட்கும். அதான் இது."

புருஷன் தலையசைத்தான். "எவ்வளவு நீளம்க்கா இந்த வண்டி?"

முழுக்க ஓடட்டும் என்று அவன் கையைக் காட்டினான். அக்காவும் தம்பியும் அப்பாவுக்கு இரு பக்கமும் உட்கார்ந்து, கடைசிப் பெட்டிவரை, அதற்குப் பின்னால் வந்த நிசப்தம்வரை, திருகு திறந்தவரை கேட்டார்கள். கேட்டு முடித்த பின்பும் காதிலிருந்து எடுக்கவில்லை.

வெளியே நாற்காலி இழுக்கும் சத்தம். அக்கம்பக்கம் வர ஆரம்பித்தது. நாத்தனார் எழுந்து மருமகளிடம் வந்தாள். மருமகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அடி விழவில்லை. கீழே ஏதோ அசைவது தெரிந்தது. கண்ணைத் திறந்தாள். நாத்தனார் தரையில் குந்தியிருந்தாள். மருமகளின் சேலை ஓரம் முழுக்கச் சரிவிலிருந்த ஒட்டுமுள் அப்பியிருந்தது. அதை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, உள்ளங்கையில் போட்டுக்கொண்டிருந்தாள்.