கடைசி லோஞ்சுக்கு மூன்று பொய்கள்

நான் பொய்க்காரி என்பது திருகோணமலை இறங்குதுறையில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் என் பேச்சைக் கேட்டு நடந்தார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்யலாம் என்றால், மூன்று பொய் சொல்லி, குடாவைக் கடந்து மூதூருக்குப் போகும் ஒரு லோஞ்ச் படகை நிரப்பினால் என்ன குடியா முழுகிப் போகும்? என்னைக் குறை சொல்ல வருகிறவர்கள் முதலில் மூதூர்ச் சனத்தை நேரத்துக்குத் தேத்தண்ணிக் கடையிலிருந்து எழுப்பிக் காட்டட்டும்.

யோகலிங்கம் அண்ணருக்கு அப்போது இறங்குதுறைக்கு எதிரே றேடியோ திருத்தும் கடை இருந்தது. கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டி, உள்ளே ஒரு மைக்கை வைத்து, அதற்குத் துறையடி ஒலிபரப்பு என்று பெயரும் வைத்தார். மைக்குக்கு முன்னால் இருந்த கதிரை என்னுடையது. பாட்டுப் போடுவது, கடைக்காரரின் விளம்பரம் வாசிப்பது, சந்தையில் தொலைந்த பிள்ளையின் தாயைக் கூப்பிடுவது, ஆஸ்பத்திரியில் இன்னாருக்குப் பெண்குழந்தை என்று அறிவிப்பது, எல்லாம் நான்தான். கமலாதேவி என்ற பெயர் பலருக்குத் தெரியாது, குரலைத் தெரியும். கத்தரிக்காய் விலை கேட்க வாயைத் திறந்தால் போதும், கடைக்காரன் நிமிர்ந்து பார்க்காமலே, காலையில் போட்ட பாட்டை நாளைக்கும் போடச் சொல்லுவான்.

பெரிய வேலை பின்னேரத்தில். மூதூருக்குக் கடைசி லோஞ்ச் நாலு மணிக்கு. அதை ஓட்டும் முத்தலிப் காக்கா மாமனாருக்காகக்கூட ஒரு நிமிடம் நிற்காத மனுசன். பிந்தினால் குடாவில் காற்று ஏறிவிடும் என்பார். சனமோ, லோஞ்ச் புறப்படுகிறது என்று காதில் விழுந்த பிறகுதான் இன்னொரு தேத்தண்ணிக்குச் சொல்லும். தொடக்கத்தில் நான் யோக்கியமாகச் சரியான நேரத்தைத்தான் சொன்னேன். ஒவ்வொரு நாளும் நாலைந்து பேர் லோஞ்சைத் தவறவிட்டு, கடை வாசலில் வந்து நின்று என் பரம்பரையையே இழுத்தார்கள்.

பிறகுதான் பொய்யைத் தொடங்கினேன். மூன்றரைக்கே, "கடைசி லோஞ்ச் புறப்படப் போகிறது" என்பேன். சனம் தேத்தண்ணிக்குச் சொல்லும். சற்றுப் பொறுத்து, "எஞ்சின் போட்டாச்சு" என்பேன். குடித்து முடிக்கும். மூன்றாவதாக, "கயிறு அவிழ்த்தாச்சு" என்பேன். அப்போதுதான் ஆறுதலாக எழும்பி, உடுப்பை உதறி, பைகளைத் தூக்கிக்கொண்டு கதைத்துக் கதைத்து வந்து ஏறும். எல்லாரும் ஏறிய பிறகு முத்தலிப் காக்கா கயிற்றில் கை வைப்பார். இப்படியே வருசக்கணக்காக ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அறுபத்தெட்டாம் ஆண்டு யோகலிங்கம் அண்ணர் மட்டக்களப்பில் மகனோடு போயிருக்க முடிவெடுத்து, கடையையும் ஒலிபரப்பையும் கொழும்பில் வெண்சங்கு சோப்புச் செய்யும் சவர்க்காரக் கொம்பனிக்கு விற்றுவிட்டார். கொம்பனி தன் ஆளாகப் பேரின்பநாயகம் என்பவரை அனுப்பியது. வெள்ளை நீளக் காற்சட்டை, மடிப்புக் கலையாத சேட்டு. என்னை அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டார். நல்ல மனுசன், அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். கெட்டவன் என்றால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அவர் வந்த கிழமையே பழைய இரண்டு குழாயையும் இறக்கி, ஆறு புதுக் குழாய்களை ஏற்றினார். பழைய சத்தம் மீன் சந்தையோடு களைத்துப்போய் நின்றுவிடும். புதியது குடாவில் வலை போடுகிறவனுக்கும் கேட்குமாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். பிறகு, குரலைத் தாழ்த்தி, கொம்பனிக்குக் கொழும்பு வானொலி மாதிரி ஒரு குரல் வேண்டுமாம், ஆள் கிடைக்கும்வரை தானே வாசிக்கப் போகிறாராம், நான் முன் மேசையில் இருந்து சவர்க்காரம் விற்கலாமாம் என்றார்.

பெருமையை விழுங்கிக்கொண்டு, லோஞ்சுக்கு மூன்று முறை சொல்லும் வழக்கத்தை அவருக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். அவர் சிரித்தார். பொய்யை ஒலிபரப்பக் கொம்பனி விடாது என்றார். வீட்டுக்குப் போய்க் குசினி அடுப்படியில் இருந்து அழுதேன். சோறு கிடைக்காது என்று அழவில்லை. அந்தக் கதிரையில் வேறொருவர் இருப்பதை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து தினமும் பார்க்க வேண்டுமே என்றுதான் அழுதேன்.

திங்கட்கிழமை அவர் மைக்குக்கு முன்னால் இருந்தார். குரலுக்குப் பழுது சொல்ல ஏலாது, பாலில் தேன் கலந்த மாதிரி இருந்தது. காலையெல்லாம் பாட்டும் விளம்பரமும் நன்றாகத்தான் போயின. மூன்றரை ஆயிற்று. அவர் வாயைத் திறக்கவில்லை. நாலுக்குப் பத்து நிமிடம் இருக்க, மூதூர் லோஞ்ச் இன்னும் பத்து நிமிடத்தில் புறப்படும் என்று அழகாக அறிவித்தார். தேத்தண்ணிக் கடையில் அத்தனை பேரும் தேத்தண்ணிக்குச் சொன்னார்கள்.

இருப்புக் கொள்ளவில்லை எனக்கு. சவர்க்காரத்தை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்கு ஓடிப்போய், லோஞ்ச் மெய்யாகவே போகப் போகிறது, எழும்புங்கோ என்று கத்தினேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மூதூர்ச் சந்தையில் துணி விற்கும் மைமூனா கோப்பைத் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "இது ரெண்டாவதுதானே கமலாக்கா, மூணாவது வரட்டும்" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் நம்பாத சனத்தை நான்தானே வளர்த்து வைத்திருந்தேன்.

நாலு மணிக்கு ஆறு குழாயும் ஒன்றாக முழங்கின. கடைசி லோஞ்ச் புறப்பட்டுவிட்டது என்றார் பேரின்பநாயகம். கடையில் எல்லாரும் ஆறுதலாக எழும்பினார்கள். உடுப்பை உதறினார்கள். மைமூனா துணிமூட்டையைத் தலையில் வைத்தாள். பிள்ளை பெற்று, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய கட்டைபறிச்சான் கிராமத்து வள்ளிநாயகி, பச்சைக் குழந்தையைச் சீலைக்குள் அணைத்துக்கொண்டாள். கதைத்துக் கதைத்துத் துறைக்கு வந்து பார்த்தால், தண்ணீர்தான் கிடந்தது. முத்தலிப் காக்கா இரண்டு ஆட்டையும் ஒரு தபால் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டார்.

சனம் திரும்பிக் கடைக்கு வந்த வரத்தைப் பார்க்க வேண்டும். பேரின்பநாயகம் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். தான் சரியான நேரத்துக்குச் சொன்னதாக மணிக்கூட்டைக் காட்டினார். மைமூனா மூட்டையை அவர் காலடியில் போட்டாள்.

"அதத்தானே ஐயா கேக்கிறம். ஆரக் கேட்டு நீங்க உண்மையச் சொன்னீங்க?"

அவர் மணிக்கூட்டைக் காட்டிய கையை இறக்கினார். நியாயத்தைச் சொன்னால், எனக்கு அந்த நேரத்தில் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது. ஆனால் வள்ளிநாயகியின் குழந்தை சிணுங்கத் தொடங்கியதும் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. வீட்டில் அவளுக்குப் பத்தியச் சோறு காத்திருக்கும். இங்கே அவளுக்கு ஒரு சொந்தமும் இல்லை.

பேரின்பநாயகம் திரும்பவும் மைக்கில் இருந்தார். லோஞ்ச் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது, கச்சான் காற்றும் கடல் பக்கமாகத்தான் அடித்தது. மூதூர் லோஞ்ச் ஓட்டுநர் அவர்களுக்கு, பயணிகள் காத்திருக்கிறார்கள், தயவுசெய்து திரும்பவும் என்றார். ஆறு குழாய்க்கும் வாசல் கதவு அதிர்ந்தது. லோஞ்ச் நேரே போனது. சத்தத்தை இன்னும் கூட்டி இரண்டு தரம் சொன்னார். லோஞ்ச் சின்னதாகிக்கொண்டே போனது. எஞ்சின் இரைச்சலில் காக்காவுக்குக் கேட்கவில்லைப் போலும் என்று சொல்லிக்கொண்டு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேர்த்து, சேட்டு முதுகோடு ஒட்டிப் போயிருந்தது.

"அக்கா, நீங்கள் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ."

நான் கதிரையில் இருந்தேன். அந்தப் புது ஒலிபெருக்கிக் கருவிக்குப் பாட்டும் தெரியாது, பொய்யும் தெரியாது, என்னையும் தெரியாது. காக்கா திரும்பாவிட்டால் நான் சாகும்வரை சவர்க்காரக்காரிதான்.

"முத்தலிப் காக்கா, நான் கமலா கதைக்கிறன். பிள்ளைப்பெத்தவள் ஒருத்தி பச்சைக் குழந்தையோட துறையில நிக்கிறாள். இது மெய்க்கதை. திரும்பி வாங்கோ."

என் குரல் கோட்டை மலையில் பட்டுத் திரும்பி எனக்கே கேட்டது. அவ்வளவு பெரிய குரல் எனக்கு இருந்தது என்று நான் நினைக்கவே இல்லை. லோஞ்ச் நேரே போனது. இன்னும் கொஞ்சம் போனது. பிறகு அதன் முகம் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, விலாப்பக்கம் தெரிந்தது. "திரும்புது" என்று மைமூனா சொன்னதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன்.

லோஞ்ச் துறையில் முட்டியதும் வள்ளிநாயகியைக் கைபிடித்து முதலில் ஏற்றினார்கள். சனம் ஏற ஏற, பேரின்பநாயகம் ஓரமாய்ப் போய் முத்தலிப் காக்காவிடம் கேட்டார், தான் மூன்று தரம் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லையா என்று. மனுசனுக்கு ஆறு குழாயைப் பற்றிய கவலை. காக்கா சாறனை மடித்துக் கட்டினார்.

"கேட்டது ஐயா. ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில நிண்டு கதைக்கிற மாதிரிக் கேட்டது. ஆரு கூப்பிடுறதெண்டுதான் தெரியல்ல."

பேரின்பநாயகம் லோஞ்ச் போகும்வரை துறையில் நின்றார். பிறகு கடைக்குள் வந்தார். நான் கதிரையை விட்டு எழும்பப் போனேன். அவர் கையால் என்னை இருக்கச் சொல்லிவிட்டு, என்னைத் தாண்டிப் போய், சவர்க்கார மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.