வாத்துக்காரம்மா காத்த பாசி

அரசாங்கப் படிவத்தில் அந்தச் செடிக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஜனங்களுக்கு அது பாசி, அவ்வளவுதான். பொட்டளவு இலை, அடியில் நூல்போல ஒற்றை வேர், குளத்து நீரில் தானாக மிதக்கும். என் வேலை, மரச்சட்டம் ஒன்றை நீரில் மிதக்கவிட்டு அதற்குள் கிடக்கும் இலைகளை எண்ணுவது. நூறு தேறினால் குளம் பிழைக்கும். தேறாவிட்டால் தூர்த்துக் கிடங்கு கட்டிவிடுவார்கள்.

கரையில் வாத்து வளர்க்கும் அம்மாவுக்கு இது தெரியும். அவருடைய நாற்பது வாத்துகளுக்கும் அந்தக் குளம்தான் சோறு. அவை மொத்தத்தையும் மேய்ந்துவிடக் கூடாதென்று மூன்று மாதமாக ஒரு மூலைக்கு மட்டும் வலை கட்டிப் பாசியைக் காத்து வந்தார்.

நான் போனபோது அந்த மூலை பளிச்சென்று கிடந்தது. லாரி ஓட்டும் புருஷன் முந்தின நாள்தான் வீடு வந்திருந்தார். இடுப்புவரை நனைந்து, வாளியும் கையுமாகப் பெருமையாக நின்றார்.

"ஆபீசர் வர்றார், குளம் நல்லா இருக்கணும்னு போன்ல சொன்னியே! விடியக்காலமே இறங்கி ஒரு பொட்டு இல்லாம வழிச்சுட்டேன்."

"அட பாவி மனுஷா! அதை எண்ணத்தானே இவரு வந்திருக்காரு!"

கரையில் பாசி குவியலாக வெயிலில் சுருண்டு கிடந்தது.

"திரும்பப் போட்டுடறேன் சார்" என்றார் புருஷன்.

"மனுஷங்க போட்டது கணக்குல வராதுங்க."

"பத்து நாள் கழிச்சு வாங்க சார்" என்றார் அம்மா. "மிச்சம் மீதி இருந்தா தானா பரவிடும்."

"ஒரு குளத்துக்கு ஒரு தடவைதாம்மா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரி நான்தான், சம்பளமே அதற்குத்தான். சட்டத்தை மிதக்கவிட்டேன். குனிந்து பார்த்தேன். பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அம்மா வலையை அவிழ்க்கத் தொடங்கினார். வாத்துகள் மூலைக்குள் நீந்திப் போயின. புருஷன் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

படிவத்தை ஆபீசில் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன். வாசலில் ஷூவைக் கழற்றும்போது மனைவி கேட்டாள்.

"என்னங்க இது, பச்சையா ஒட்டிக்கிட்டிருக்கு?"

ஈர ஷூவின் ஓரத்தில் ஒரே ஒரு இலை. வாடவில்லை. தூக்கிப் போட மனசு வரவில்லை. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதை விட்டேன். அப்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது, அதற்கு முன் இல்லை.

ஒன்று இரண்டானது, இரண்டு நான்கானது. டம்ளர் போதாமல் வாளிக்கு மாற்றினேன். மாதக் கடைசியில் உட்கார்ந்து எண்ணினேன்: நூற்றுப் பன்னிரண்டு. மனுஷன் போட்டது, கணக்கில் வராது. அன்றைக்குத்தான் குளத்தில் முதல் லோடு மண் விழுந்தது.