ஆறாத ரொட்டி

மூன்று மணிக்குப் பாலத்தை மூடிவிடுவார்கள். ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. மறுபடி திறக்க நான்கைந்து நாளாகும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். அக்கரை ஆஸ்பத்திரியில் நாற்பது நோயாளிகள். அவர்களுக்கான அறுபது ரொட்டியும் அடுப்பை விட்டு வெளியே வந்தபோது மணி ஒன்றரை. மதியம் வரை கரண்ட் இல்லாததால் வந்த வினை.

"கவர்ல போட்டுக் கட்டிடலாமா?" என்று கேட்டுக்கொண்டே பேக்கரிக்காரியின் கணவர் பிளாஸ்டிக் பைகளைப் பிரித்தார்.

பேக்கரிக்காரி ஒரு ரொட்டியின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது. "வேணாம். இப்பக் கட்டினா உள்ளயே வேர்த்து ஊறிடும். மூணாம் நாள் பூசணம் பிடிக்கும்."

"ஆறுற வரைக்கும் பாலத்தைத் திறந்து வச்சிருப்பாங்களா?"

அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. போன மழையில் இதே அவசரத்தில் சுடச்சுடக் கட்டி அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிச் சமையற்காரர் போன் செய்தார். திட்டவில்லை. "எல்லாத்தையும் கொட்டிட்டேம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மணி இரண்டேகால். கணவர் வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். "ஏதாவது ஒண்ணு சொல்லு."

"தட்டோட ஏத்துங்க. கவர் தனியாப் போகட்டும்."

"அங்க யாரு கட்டுறது? அந்தச் சமையக்காரரு ஒத்தை ஆளு."

"நானே ஓட்டிட்டுப் போறேன்."

சாவி சுற்றுவது நின்றது. "போனா திரும்பி வர முடியாது. பாப்பாவுக்கு என்ன பதில் சொல்றது?"

மகளுக்கு ஆறு வயது. ஒருநாள்கூட அம்மாவைப் பிரிந்து இருந்ததில்லை. "நீங்க இருக்கீங்கல்ல" என்றாள். அதற்கு மேல் நின்றால் மனசு மாறிவிடும் என்று தட்டுகளைத் தூக்கினாள்.

பாலத்து முனையில் காவலர் கை காட்டி நிறுத்தினார். மூன்று மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது. "போயிட்டா திரும்ப விட மாட்டோம், தெரியும்ல?"

"தெரியும் சார்."

தடுப்புக் கம்பம் உயர்ந்தது. கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் தூண்களை முட்டிக்கொண்டு ஓடியது. மெதுவாகப் போகப் பயம். வேகமாகப் போனால் தட்டுகள் சரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் ரொட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி மின்விசிறியைப் போட்டாள். ஐந்து மணிக்குத்தான் முழுக்க ஆறின. கட்டி முடித்ததும் சமையற்காரர் சில பைகளை அள்ளிக்கொண்டு ஃப்ரிட்ஜ் பக்கம் நடந்தார்.

"அதுல வேணாம்ணா, வறண்டு விறைச்சுப் போயிடும். கடைசி ரெண்டு நாளைக்கு உள்ளதை ஃப்ரீசர்ல வைங்க. மத்தது வெளியவே இருக்கட்டும், வெயில் படாம."

மூன்றாம் நாள் காலை விடிந்ததுமே சமையலறைக்கு வந்துவிட்டாள். பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெந்நீர் அண்டாவின் ஆவி பட்ட இடத்தில் இருந்த ஒன்றில் மட்டும் பச்சைப் புள்ளி. அதைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். மற்றவை மெத்தென்று இருந்தன. சமையற்காரர் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, மெதுவாக மென்றார். "அறுக்கட்டுமா?" என்றார். அவள் தலையசைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஐந்தாம் நாள் பாலம் திறந்தது. வீட்டுக்கு வந்தவளிடம் மகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிட உட்காரும்போது மட்டும் நாற்காலியைக் கரகரவென்று அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.