வெள்ளிக்கிழமை வறுத்த இறால்

ஜனகனின் அம்மாவும் அப்பாவும் முரசுமோட்டையிலிருந்து முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் ஓம் என்றால்தான் எங்கள் கல்யாணம். சாமியும் வேறு, தொழிலும் வேறு என்று ஒரு வருடம் யோசித்தவர்கள். தேத்தண்ணியோடு கடிக்க என்ன வைப்பது என்று அம்மா மூன்று நாள் யோசித்தார்.

"றாலை வறுப்பம். வெள்ளிக்கிழமை, இறைச்சி ஏலாது."

கத்தோலிக்க வீட்டில் வளர்ந்த எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

இறாலைக் கோதோடு கழுவி, முதுகுக் குடலை ஊசியால் இழுத்தெடுத்தேன். உப்பு, மிளகுத்தூள், நசுக்கிய உள்ளி, தேசிக்காய்ப் புளி. பத்து நிமிடம் ஊறினால் போதும். அப்பா எண்ணெயே விடமாட்டார். களப்பில் இறால் பிடித்து வந்த காலைகளில் படகுக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து, இந்த இரும்புத் தாச்சியில்தான் வறுப்பார். நான் பள்ளிக்கூடச் சட்டையோடு குந்தியிருப்பேன்.

"நிறம் மாறினதும் இறக்கிப்போடு நிரோ. யோசிச்சுக்கொண்டு நிண்டா றப்பராப்போகும்," என்பார்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறதென்று பிறகு கம்பஸில் படித்தேன். கோதில் முதலே இருக்கும் நிறம். புரதம் அதைப் பிடித்து மறைத்து வைத்திருக்கும். சூடு பட்டதும் விட்டுவிடும். லீவில் வந்து சொல்ல இருந்தேன். அதற்குள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

வாசலில் ஓட்டோ நின்றபோது தாச்சியை இறக்கினேன். எல்லாரும் கதிரைகளில் இருந்ததும் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். ஜனகனின் அம்மா தங்கம்மா மணத்தை உள்ளே இழுத்தார். பிறகு தட்டைப் பார்த்தார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்ல புள்ள. நாங்க சைவம்."

அம்மா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "ஐயோ, வெள்ளியெண்டுதான் இறைச்சி வேண்டாமெண்டு றால் எடுத்தனாங்கள்..."

"உங்க ஊர்ல றாலு மரக்கறியா?" என்றார் ஜனகனின் அப்பா வீரபாகு. சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"ஜனகன், நீங்கள் சொல்லேல்லையோ?" அம்மா கேட்டார்.

ஜனகன் சுவரைப் பார்த்தான். கம்பஸ் கன்ரீனில் வெள்ளிக்கிழமைகளிலும் அவன் மீன் ரோல்ஸ் இரண்டு இரண்டாகச் சாப்பிடுவான். அதனால்தான் எனக்குக் கேட்கவே தோன்றவில்லை.

"நான் கேக்கேல்லை அன்ரி. என்ர பிழை," என்றேன்.

தங்கம்மா மகனை ஒரு பார்வை பார்த்தார். "நம்ம கழுதை வெள்ளிக்கிழமை என்னா திங்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

கழுதையின் கை தட்டுப் பக்கம் போயிருந்தது. அதில் ஓர் அடி போட்டார்.

"கட்டிக் குடுங்க, நாளைக்குச் சாப்பிடுறோம்," என்றார் வீரபாகு சமாதானமாக.

அப்படியே விட்டிருக்கலாம். நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் அல்ல. ஆனால் நாளைக்கு அதைக் கடித்துவிட்டு, இதுதான் அந்தப் பிள்ளையின் கைப்பக்குவம் என்று நினைப்பார்கள்.

"வேண்டாம்." குரல் பெரிதாக வந்துவிட்டது. "ஆறினா றப்பராப்போகும். ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. புதுசா வறுத்துத் தாறன்."

தங்கம்மா என்னை முதல்முறையாக முழுதாகப் பார்த்தார்.

"நாங்க ஏன் வரணும்? உங்க கோயில் பூசை முடிஞ்சதும் அம்மாவைக் கூட்டிக்கிட்டு நீ வா. றாலைப் பச்சையா கொண்டா. என் அடுப்புல வறு."

"தாச்சியும் கொண்டு வரட்டோ? அப்பாட தாச்சி."

"கொண்டா. திரும்ப எடுத்துக்கிட்டுப் போகணுமான்னு அப்புறம் பாப்போம்."

வீரபாகு இப்போது சிரித்தது நன்றாகத் தெரிந்தது.

வாழைப்பழத்தோடு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அம்மாவும் நானும் ஆறிய இறாலை உரித்தோம். அப்பா சொன்னதுபோலவே, றப்பர். தட்டு வெறுமையாகும்வரை தின்றோம்.