கைக்குத் தைத்த பிரேக்

என் மனைவியின் கால்கள் இத்தனை வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தன என்பது, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து மல்லாந்து படுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் தையல்காரன். வயது ஐம்பத்து மூன்று. கார் ஓட்டத் தெரியாது. கார் என்றால் எனக்குப் பக்கத்து சீட்டும், வளைவு வரும்போதெல்லாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும்தான். அவளோ பத்தொன்பது வருஷம் வாடகைக் கார் ஓட்டியவள். தெருவில் அவளை ‘டிரைவரம்மா’ என்பார்கள். என்னை ‘டிரைவரம்மா வீட்டுக்காரர்’ என்பார்கள். எனக்கு அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

முதுகெலும்பில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது, இடுப்புக்குக் கீழே உணர்வு மிஞ்சவில்லை. எட்டு மாதமாகச் சக்கர நாற்காலி. அவள் அழுது நான் பார்க்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாசலில் நிற்கிற காரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“தம்பிகிட்ட சொல்லிட்டேன். சனிக்கிழமை வந்து வண்டிய எடுத்துட்டுப் போயிடுவான். ஓட்டாத வண்டி வாசல்ல எதுக்கு நிக்கணும்?” என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

கையாலேயே கார் ஓட்ட ஒரு லீவர் உண்டு என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொல்லியிருந்தார். ஸ்டியரிங்குக்கு அடியில் பொருத்த வேண்டும். முன்னால் தள்ளினால் ஒரு கம்பி போய் பிரேக்கை அழுத்தும். கீழே அழுத்தினால் இன்னொரு கம்பி போய் ஆக்சிலேட்டரை அழுத்தும். அவள் கார் ஆட்டோமேட்டிக், கியர் தொல்லை இல்லை. பொருத்திக் கொடுக்கிற பட்டறையில் கேட்டால், முறை வர ஒரு வருஷம் ஆகும் என்றார்கள். ஒரு வருஷம் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? எனக்கு வந்த கோபத்தில் லீவரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெட்டியைப் பிரித்துக் கட்டிலில் பரப்பினேன். லீவர், இரண்டு கம்பி, பட்டைகள், ஒரு கை நிறைய போல்ட், படம் போட்ட ஒரு தாள்.

“நீங்களா மாட்டப் போறீங்க?” என்றாள். “மாஸ்டர், வீட்டுல பல்பு மாத்தறதுக்கே நீங்க ஆள் கூப்பிடுவீங்களே!”

“சனிக்கிழமை வரைக்கும் வண்டி நம்மளோடதுதானே? நீ உன் சுவரப் பாரு.”

அப்படி வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தவன்தான் காருக்குள் மல்லாந்து கிடந்தேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு திரும்பினால், கண்ணுக்கு நேரே தரை விரிப்பில் ஒரு குழி. அவள் குதிகால் ஊன்றிய இடம். இந்தக் காரை வாங்கிய ஆறு வருஷத்தில் விரிப்பின் ரோமம் போய், ரப்பர் போய், அடியில் தகரம் தெரிந்தது. கால்சட்டை முட்டியில் தேய்வதும் சட்டை முழங்கையில் நூல் விடுவதும் எனக்குத் தெரியும். ஒரு குதிகால் இவ்வளவு வேலை செய்திருக்கும் என்று நினைத்ததில்லை. அந்தக் குழியில் கட்டை விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கீழே குனிந்து பார்த்ததில்லை.

பிரேக் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தேன். முதல் தடவை இறங்கியது. மூன்றாவது தடவை கல்லாக நின்றுவிட்டது. கெடுத்துவிட்டேன் என்று வியர்த்துவிட்டது.

“என்ஜினப் போட்டுட்டு அமுக்குங்க!” என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. நாற்காலி எப்போது இந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியவில்லை.

வாழ்க்கையில் முதல் முறையாகக் காரை ஸ்டார்ட் செய்தேன். அதற்கே அவள் ஜன்னலிலிருந்து நாலு கட்டளை போட வேண்டியிருந்தது. இப்போது பெடலைத் தொட்டால், விரலுக்கு அடியில் மெத்தென்று இறங்கியது. கையை எடுத்தால் தானாக மேலே வந்தது. திரும்பத் திரும்ப அழுத்தினேன். ஒரு டன் இரும்பை நிறுத்துகிற வேலைக்கு, பொத்தானுக்குக் காஜா எடுக்கிற விரலின் பலம் போதுமா? எனக்குப் புல்லரித்தது.

“எப்படிம்மா இது?”

“நாம லேசா சொன்னா போதும். மிச்சத்த என்ஜின் பார்த்துக்கும்,” என்றாள். பிறகு அரை மணி நேரம் அவளே பேசினாள். பெடலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எண்ணெய் எந்தக் குழாய் வழியாக நாலு சக்கரத்துக்கும் ஓடுகிறது, ஈரத் தரையில் எப்படி மெல்ல அழுத்த வேண்டும் என்றெல்லாம். எட்டு மாதத்தில் அவள் இவ்வளவு பேசியதில்லை. நான் படுத்துக்கொண்டே ‘உம்’ கொட்டினேன்.

நாலு நாள் கடையைத் திறக்கவில்லை. போல்ட் ஒவ்வொன்றையும் முடுக்கி, கழற்றி, மறுபடி முடுக்கினேன். விரல் முட்டியெல்லாம் சிராய்ப்பு. ஸ்டியரிங்கை ஒரே கையால் சுழற்ற ஒரு உருண்டைப் பிடியும் மாட்டினேன். ஆக்சிலேட்டர் கம்பி ரெடிமேடாகவே பொருந்திவிட்டது. பிரேக் கம்பியை மட்டும் காருக்குத் தகுந்தபடி அளந்து அறுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது தாளில். அளவெடுப்பது என் தொழில். அங்கே என்னை அசைக்க ஆள் கிடையாது. அளந்தேன், சாக்பீஸால் குறித்தேன், ஆக்சா பிளேடால் அறுத்தேன். சனிக்கிழமை காலை பத்தரைக்குக் கடைசி நட்டை முடுக்கினேன். பதினோரு மணிக்கு மைத்துனன் வந்துவிட்டான்.

அவன் வண்டிகளைச் சோதித்து ஓட்டலாமா கூடாதா என்று சான்றிதழ் கொடுக்கிறவன். சிரித்தால் வேலை போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். லீவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். உள்ளே குனிந்து லீவரைப் பிடித்துத் தன் எடையெல்லாம் போட்டு ஆட்டினான். அசையவில்லை.

“கெட்டியாத்தான் இருக்கு,” என்றான் மனசில்லாமல். “ஆனா மாமா, எங்க அக்காங்கறதால நான் ரெண்டு மடங்கு பார்ப்பேன். சரியில்லேன்னா சாவிய வாங்கிட்டுப் போயிட்டே இருப்பேன்.”

“சரிடா. நான் ஓட்டறேன், நீ பாரு,” என்றாள் அவள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு சட்டை தைத்தால் நானே போட்டுப் பார்த்து, எங்கே பிடிக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதை என்னால் போட்டுப் பார்க்க முடியாது. நான் மாட்டியதை முதல் முதலாக நம்பி உட்காரப் போகிறவள் அவள்தான். “வேணாம், முதல்ல உன் தம்பி...” என்று இழுத்தேன்.

“அவனுக்குக் கால் இருக்கு, அவன் எதுக்கு? என்னத் தூக்கி உக்கார வெச்சுட்டு நீங்க பக்கத்துல ஏறுங்க.”

எங்கள் வாசலுக்கு எதிரே ஒரு கிடங்கின் பெரிய முற்றம். சனிக்கிழமை லாரி வராது. காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டார். மைத்துனன் முன்னால் நடந்து போய், தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு அங்கேயே நின்றான். அவள் லீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கியரைப் போட்டாள், லீவரை விட்டாள். கார் நகரவில்லை. “இது தானா ஊரணுமே,” என்று முணுமுணுத்தாள். லீவரைக் கீழே அழுத்தியதும் முனகிக்கொண்டு கிளம்பி முற்றத்துக்குள் நுழைந்தது.

நான் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. மறந்துவிட்டேன். அவள் கையைத்தான் பார்த்தேன். உள்ளங்கையால் காரைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு சுற்று. முகத்தில் ரத்தம் ஏறியது. ஆனால் புருவம் மட்டும் சுருங்கியே இருந்தது.

“என்னமோ பண்ணுது மாஸ்டர். யாரோ பின்னாலேர்ந்து சட்டையப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவளுக்குச் சக்கரத்தில் நடப்பது எப்படித் தெரிந்தது? இரண்டாவது சுற்றில் கோட்டுக்கு வந்து லீவரைத் தள்ளினாள். கார் கோட்டின் மேலேயே நின்றது. கூடவே கருகல் வாடையும் வந்தது.

மைத்துனன் பின்பக்கம் போனான். “அக்கா, பிரேக்க விடு.”

“விட்டாச்சு. ரெண்டு கையும் மடியில இருக்கு.”

“சிவப்பு லைட் எரிஞ்சுட்டே இருக்கே!” முன் சக்கரத்தருகே குனிந்து கையை வைக்கப் போனவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். “கொதிக்குது. யாரும் தொடாமலேயே பிரேக் பாதி பிடிச்சுட்டிருக்கு. இத நான் பாஸ் பண்ண மாட்டேன் மாமா.” சாவிக்குக் கையை நீட்டினான்.

எங்கே தப்பு என்று தெரியவில்லை. “குடுத்துடும்மா. எனக்குத் தெரியாத வேலை,” என்றேன்.

அவள் சாவியைக் கொடுக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

“பிரேக் கம்பிய அளந்த அளவுக்கே அறுத்தீங்களா?”

“அளந்துதான் அறுத்தேன்.”

“அளவுக்கே அறுத்தீங்களா?”

“அளவுக்கு... தையலுக்கு அரை இஞ்சு விட்டு...”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. முப்பத்தைந்து வருஷமாக எதை வெட்டினாலும் மடித்துத் தைக்க அரை இஞ்சு விட்டுத்தான் இந்தக் கை வெட்டும். துணியில் அது உள்ளே மடிந்துவிடும். இரும்பு எங்கே மடியும்? அந்த அரை இஞ்சு பெடலைத் தள்ளிக்கொண்டே நின்றிருக்கிறது.

அவள் சிரித்தாள். ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தாள். “இரும்புக்குத் தையல் விட்டிருக்காருடா உங்க மாமா!” அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டு மாதமாயிற்று. மைத்துனனின் உதடுகூட ஒரு பக்கம் கோணியது.

ஓடிப் போய் ஆக்சா பிளேடை எடுத்து வந்தேன். கம்பியைக் கழற்றி, மூன்று தடவை அளந்து, அரை இஞ்சை அறுத்துத் தள்ளினேன். வெட்டு நேராக விழுந்தது. மாட்டிய பிறகு பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. சக்கரம் ஆறும்வரை மைத்துனன் காத்திருந்து, தானே கீழே படுத்து ஒவ்வொரு நட்டாகச் சோதித்தான். பிறகு அவளைப் பத்து சுற்று சுற்ற வைத்தான். பதினோராவது சுற்றில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலி டிரம்மைக் குறுக்கே உருட்டிவிட்டான். பாவி! நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது காருக்கும் டிரம்முக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம் இருந்தது. அவள் உள்ளங்கை லீவரின் மேல் அமைதியாக இருந்தது.

மைத்துனன் சான்றிதழைக் காரின் கூரைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினான்.

“இறங்குங்க மாஸ்டர்,” என்றாள்.

இறங்கினேன். நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தேன். அவள் வேண்டாமென்று கை காட்டினாள்.

“முதல் நாளே தனியாவா அக்கா?”

“தனியா ஓட்டக் கூடாதுன்னு இதுல எழுதியிருக்கியா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

கார் கேட்டைத் தாண்டி, தெருவில் திரும்பி, முனையில் மறைந்தது. சக்கர நாற்காலியை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் வெயிலில் நின்றோம். அந்தச் சத்தம் காதிலிருந்து முழுசாகப் போகும்வரை நான் அசையவில்லை. என் கை பட்ட ஒரு சாமான் அவளைக் கொண்டுபோகிறது என்பதை நம்பவே முடியவில்லை.

“எங்க மாமா போறா?” என்று கேட்டான் மைத்துனன்.

எட்டு மாதமாக முகம் கழுவப் போக வேண்டுமென்றாலும் அவள் என்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

“தெரியலடா,” என்றேன். “சொல்லாமப் போயிட்டா.” சொன்னதும் அழுதுவிட்டேன்.